போதும் என்று சொல்வது பலவீனமா?
தாவோ தத்துவத்தில் தன்னை வெல்லுதலும் மனநிறைவும்



இந்த மாதப் பாடம் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம்ம இதழில் கீதை வரும், திருமந்திரம் வரும், திருக்குறள் வரும். இப்ப என்ன திடீர்னு சீனத் தத்துவம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காரணம் ரொம்பச் சாதாரணம். நாம் வாழும் இந்த மண்ணில் பக்கத்து வீடு சீனர் வீடு. பினாங்கு தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் சீனர்கள் தேங்காய் உடைக்கிறார்கள், காவடியும் எடுக்கிறார்கள். சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் அருகருகே நிற்கின்றன. அங்கே கும்பிட வரும் சீனப் பாட்டிமார் இங்கேயும் ஊதுபத்தியோடு வந்து நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். அவர்கள் நம் சாமியை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும்போது, அவர்களுடைய சிந்தனையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? சிவப்பு விளக்கு, பட்டாசு, அங்பாவ். அதோடு சரி.

இன்னொரு காரணமும் உண்டு. போன சுற்று வகுப்பில் கீதையின் இரண்டாம் அத்தியாயம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி கையைத் தூக்கினார். "அண்ணே, மனசை அடக்கு, ஆசையை அடக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அடக்க அடக்கத்தான் அது அதிகமாகுது. எப்படி அடக்குறதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்களே?" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை சேர்ந்துகொண்டார். "எல்லாம் போதும் போதும்னு இருந்தா நாம எப்படிண்ணே முன்னேறுறது? ஏற்கெனவே நம்மாளுங்க பின்னாடிதான் நிக்கிறோம்."

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நம் நூல்களிலேயே பதில் உண்டு. ஆனால் சில சமயம் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தால்தான் நம் வீடு சரியாகத் தெரியும். அதனால்தான் இந்தப் பாடம்.

இரண்டு பழைய நூல்கள்

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். தாவோ என்றால் சீனத்தில் வழி, பாதை என்று பொருள். நாம் சீனக் கோயில்களில் பார்க்கும் தாவோ சமயம் ஒன்று: தெய்வங்கள், பூசைகள், ஒன்பது பேரரசர் திருவிழா, மூதாதையர் வழிபாடு எல்லாம் அதில் சேர்ந்து வரும். அந்தச் சமயம் தன் மூலமாகப் போற்றும் பழைய நூல்கள் இன்னொன்று. நான் பேசப்போவது இந்த நூல்களைப் பற்றி மட்டும்.

முதல் நூல் தாவோ தே ஜிங். சின்ன நூல். ஏறக்குறைய 5,000 சீன எழுத்துகள், 81 அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் பத்து வரியைத் தாண்டாது. எழுதியவர் லாவோட்சு என்பது மரபு. ஸீமா சியென் என்ற பழைய சீன வரலாற்றாசிரியர் சொல்லும் கதை இது: லாவோட்சு சோ அரசில் ஆவணக் காப்பாளராக இருந்தார். அரசு சீரழிவதைப் பார்த்துவிட்டு வேலையை விட்டு மேற்கே கிளம்பினார். எல்லைக் கணவாயில் இருந்த காவல் அதிகாரி, "போறதுதான் போறீங்க, எங்களுக்காக ஒரு நூல் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்கிற மாதிரி கேட்டுக்கொண்டார். எழுதிக் கொடுத்தார், போனார். பிறகு எங்கே போனார், என்ன ஆனார் என்று ஒருவருக்கும் தெரியாது. லாவோட்சு ஒரே மனிதர்தானா, பலருடைய வாக்குகளைத் தொகுத்த நூலா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நம் ஔவையாரைப் பற்றிய வாதம் மாதிரிதான்.

நூல் பழையது என்பதில் மட்டும் ஐயமில்லை. 1973-இல் ஹுனான் மாநிலத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டியபோது, பட்டுத் துணியில் எழுதிய இரண்டு பிரதிகள் கிடைத்தன. 1993-இல் ஹூபெய் மாநிலத்தின் குவோதியனில் மூங்கில் சீவல்களில் எழுதிய இன்னும் பழைய பகுதிகள் கிடைத்தன, ஏறக்குறைய கி.மு. 300-ஐச் சேர்ந்தவை. "போதும்" என்பதைப் பற்றிய வரிகள் அந்த மூங்கில் சீவல்களிலேயே இருக்கின்றன. நாம் இன்று படிக்கப்போகும் கருத்து பிற்காலத்தில் யாரோ சேர்த்த அலங்காரமல்ல என்று காட்டத்தான் இந்தக் கணக்கையெல்லாம் சொல்கிறேன். தமிழில் கவிஞர் சி. மணி இந்த நூலை மொழிபெயர்த்திருக்கிறார்.

இரண்டாவது நூல் சுவாங்ட்சு. ஆசிரியர் பெயரே நூலின் பெயர். இன்று நம்மிடம் இருப்பது 33 அத்தியாயங்கள். லாவோட்சு சுருக்கிச் சொல்வார்; சுவாங்ட்சு கதை சொல்வார், கிண்டல் செய்வார், சட்டென்று நம்மை மடக்கிவிட்டுப் போய்விடுவார். எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும்.

தன்னை வெல்வது என்றால் என்ன?

தாவோ தே ஜிங்கின் 33-ஆம் அத்தியாயம் நம் பாடத்துக்கு அடிப்படை. அதில் லாவோட்சு இரண்டு இரண்டாக நிறுத்தி ஒப்பிடுகிறார். பிறரை அறிவது ஒரு திறமை, தன்னை அறிவது அதைவிடத் தெளிவான ஒன்று. பிறரை ஜெயிக்க உடல் பலம் போதும், தன்னை ஜெயிக்க வேறொரு வலிமை வேண்டும். இதுதான் கருத்து.

சாதாரணமாகக் கேட்டால், ஆமா, நமக்குத் தெரிஞ்சதுதானே என்று தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். அங்கே இரண்டு வெவ்வேறு சொற்கள் வருகின்றன. பிறரை ஜெயிப்பதற்கு லாவோட்சு போடும் சொல் லீ: தசை பலம், தள்ளுகிற சக்தி. தன்னை ஜெயிப்பதற்கு அவர் போடும் சொல் ச்சியாங்: வலிமை, உறுதி. சரி, அந்த வலிமை எப்படிப்பட்டது? 52-ஆம் அத்தியாயத்தில் அவரே இதே சொல்லுக்கு விளக்கம் தருகிறார். மென்மையைக் கைவிடாமல் இருப்பதுதான் வலிமை என்கிறார்! 76-இல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உயிருள்ள உடல் வளையும், செத்த உடல் விறைக்கும். இளஞ்செடி வளையும், காய்ந்த செடி ஒடியும். ஆகவே விறைப்பு சாவின் பக்கம் சேர்ந்தது.

இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் தன்னை வெல்வது பற்றிய நம் படமே மாறுகிறது. நாம் நினைப்பது குஸ்தி மாதிரி. உள்ளே ஒரு கெட்ட நான், ஒரு நல்ல நான். நல்லவன் கெட்டவனைக் கீழே தள்ளி மார்பில் ஏறி உட்கார வேண்டும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள், எவ்வளவு நேரம் அப்படி உட்கார முடியும்? எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அவன் ஓடிவிடுவான். காலையில் "இன்னிக்கு ஹேண்ட்போனைத் தொடவே மாட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பியவர், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுக்கையில் விழுந்து மூன்று மணி நேரம் விடாமல் பார்க்கிறார் அல்லவா, அது இந்தக் குஸ்தியின் முடிவுதான். தன்னோடு தானே லீ-யைக் காட்டினால் ஜெயிப்பதும் தோற்பதும் ஒரே ஆள்.

லாவோட்சு காட்டும் உதாரணம் தண்ணீர். அதைவிட மென்மையானது எதுவும் இல்லை. கடினமானதைக் கரைக்க அதைவிடச் சிறந்ததும் இல்லை. அது பாறையோடு சண்டை போடுவதில்லை, சுற்றிப் போகிறது. யாரும் போக விரும்பாத பள்ளத்துக்குப் போகிறது. கடைசியில் பாறைதான் தேய்கிறது. சீனர் இதை வூ வெய் என்பார்கள். "செய்யாமை" என்று நேரடியாக மொழிபெயர்த்தால் சோம்பேறித்தனம் போலத் தெரியும். அதுவல்ல. மல்லுக்கட்டாமல் செய்வது, வலிந்து திணிக்காமல் செய்வது என்று சொல்லலாம்.

கடிவாளமும் குதிரையும்

இங்கே நம் மரபோடு ஓர் உரசல் வருகிறது. அதை மூடி மறைக்காமல் பார்ப்போம்.

கடோபநிடதத்தில் ஒரு புகழ்பெற்ற உருவகம் உண்டு. உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி. தேரோட்டி கவனமாக இருந்தால் குதிரைகள் கட்டுப்படும். இல்லாவிட்டால் தேர் கவிழும். சுவாங்ட்சுவும் ஒன்பதாம் அத்தியாயத்தில் குதிரையைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து. போ லோ என்று ஒரு பெரிய குதிரை நிபுணர். குதிரைக்குச் சூடு போடுவார், குளம்பைச் செதுக்குவார், கடிவாளம் பூட்டுவார், லாயத்தில் வரிசையாகக் கட்டுவார். அதிலேயே பத்துக்கு இரண்டு மூன்று செத்துப்போகும். பிறகு பட்டினி போட்டு, தாகத்தில் விட்டு, ஓடவிட்டுப் பழக்குவார்; பாதிக்கு மேல் போய்விடும். உலகம் அவரைக் குதிரைப் பழக்கத்தில் கெட்டிக்காரர் என்று கொண்டாடுகிறது, இது நியாயமா என்று கேட்கிறார் சுவாங்ட்சு.

அவர் குறிவைத்தது மக்களை ஆட்டிப்படைக்கும் அரசர்களை. இருந்தாலும் நம்மை நாமே ஆளும் விதத்துக்கும் அந்தக் கதையைப் பொருத்திப் பார்க்கலாம். தன்னைத் திருத்துகிறேன் என்று சொல்லித் தன்னையே திட்டி, தன்னையே கேவலப்படுத்தி, முடியாத அட்டவணை போட்டுத் தன்னை வாட்டுகிற இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் படிக்க அட்டவணை போடுவார்கள். ஐந்தாம் நாள் அட்டவணையும் போகும், தன்மேல் இருந்த நம்பிக்கையும் போகும். கடிவாளம் இருந்தது, குதிரை செத்துவிட்டது.

அப்படியானால் உபநிடதம் தப்பா? இல்லை. ஒரு நல்ல தேரோட்டி கடிவாளத்தை எந்நேரமும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க மாட்டார். இழுக்க வேண்டிய இடத்தில் மட்டும் இழுப்பார், மற்ற நேரம் கை லேசாக இருக்கும். கீதை மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணனே, ஞானியும் தன் இயல்புப்படிதான் நடக்கிறான், வெறும் அடக்குமுறை என்ன செய்துவிடும் என்று கேட்கிறார். அந்த இடத்தை நாம் வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம். சுவாங்ட்சுவைப் படித்த பிறகு எனக்கு அந்தச் சுலோகம் வேறு மாதிரி கேட்டது.

ஆமையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு மரபிலும் ஆமை உண்டு. நம் ஆமையை எல்லாருக்கும் தெரியும்: கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும், திருக்குறளில் அடக்கமுடைமை அதிகாரத்திலும் அது உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. சுவாங்ட்சுவின் ஆமை வேறு ரகம். அவர் பூ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தாராம். சூ நாட்டு அரசனிடமிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து, நாட்டு நிருவாகத்தை ஏற்க வேண்டும் என்று அழைத்தார்கள். தூண்டிலை விடாமல், திரும்பியும் பார்க்காமல் அவர் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் அரசர் மூவாயிரம் வருஷத்துக்கு முன் செத்த ஒரு புனித ஆமையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டிக் கோயிலில் வைத்திருக்கிறாராமே, அந்த ஆமைக்கு எது பிடித்திருக்கும்? செத்து மரியாதை பெறுவதா, உயிரோடு சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு திரிவதா? வந்தவர்கள், உயிரோடு திரிவதுதான் என்றார்கள். அப்ப நீங்க போயிட்டு வாங்க, நான் சேற்றிலேயே திரிகிறேன் என்று அனுப்பிவிட்டார். பதவியை வேண்டாம் என்று சொல்ல அவர் பல்லைக் கடிக்கவில்லை, அதைக் கவனியுங்கள். தனக்கு எது போதும் என்று தெரிந்திருந்தது. அதனால் மறுப்பது சுலபமாக இருந்தது.

மனசுக்கு விரதம்

சரி, மல்லுக்கட்டாமல் எப்படித்தான் மாறுவது? அந்தத் தம்பி கேட்டது இதைத்தான். சுவாங்ட்சு இதற்கு விரதத்தைக் கொண்டுவருகிறார். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும் நமக்கு இது நன்றாகப் பிடிபடும்.

நான்காம் அத்தியாயத்தில் கன்பூசியசையும் அவர் சீடர் யென் ஹுயையும் பேச விடுகிறார். கன்பூசியஸ் விரதம் இரு என்கிறார். சீடர் ஏழை. எங்க வீட்டில் மாதக்கணக்கில் மதுவும் இல்லை, காரசாரமான சாப்பாடும் இல்லை, இது விரதம் ஆகாதா என்று கேட்கிறார். அது பூசைக்கான விரதம், மனசுக்கான விரதம் அல்ல என்கிறார் கன்பூசியஸ். மனசின் விரதம் என்பது முன்கூட்டியே தீர்மானம் செய்து வைத்திருப்பதை, "நான் நினைச்சதுதான்" என்ற இரைச்சலைக் குறைத்து உள்ளே இடம் காலி பண்ணுவது. கீதை இரண்டாம் அத்தியாயத்தில், ஆமைச் சுலோகத்துக்கு அடுத்ததே இதைத்தான் தொடுகிறது. உண்ணாமல் இருப்பவனை விட்டுப் பொருள்கள் விலகும், ஆனால் அவற்றின் மேல் உள்ள ருசி விலகாது. மேலான ஒன்றைக் கண்டபின்தான் ருசியும் விலகும் என்பது அதன் கருத்து. விரதம் முடிந்த மறுநாளே கோழிக் கடையில் வரிசை பிடிக்கிறோமே, அந்த ருசியைத்தான் சொல்கிறார் கண்ணன்.

மனசு விரதம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு 19-ஆம் அத்தியாயத்தில் ஒரு தச்சர் வருகிறார். பெயர் சிங். லூ நாட்டில் மணிகளைத் தொங்கவிடும் மரச்சட்டம் ஒன்றைச் செதுக்கினார். பார்த்தவர்கள் இது மனிதன் செய்ததா, பேய் பூதம் செய்ததா என்று அசந்துபோனார்கள். அரசர் கூப்பிட்டு, என்ன வித்தை இது என்று கேட்டார். தச்சர் சொன்னது: வித்தை ஒன்றுமில்லை, வேலை தொடங்குமுன் விரதம் இருப்பேன். மூன்று நாள் இருந்ததும் பரிசு, பதவி, சம்பளம் பற்றிய நினைப்பு போய்விடும். ஐந்து நாளில் பாராட்டுவார்களா, திட்டுவார்களா என்ற நினைப்பும், நன்றாக வருமா வராதா என்ற நினைப்பும் போகும். ஏழு நாளில் எனக்குக் கை கால் இருப்பதே மறந்துபோகும். அரசவை இருப்பதே நினைவில் இருக்காது. அதன் பிறகுதான் காட்டுக்குள் போவேன். சரியான மரம் கண்ணில் படும், அதற்குள்ளே சட்டம் இருப்பது தெரியும். அப்போதுதான் கை வைப்பேன். தெரியாவிட்டால் விட்டுவிடுவேன்.

வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் காசு போகிறது. அது சுலபம், மூன்றே நாள். பேர் போக ஐந்து நாள் ஆகிறது. "நான்" போக ஏழு நாள். நம் அனுபவமும் அதுதானே? கோயில் தொண்டுக்குச் சம்பளம் வேண்டாம் என்பவர்கள் நிறையப் பேர். ஆனால் நன்றியுரையில் பெயர் விட்டுப்போனால் எத்தனை பேர் அடுத்த வருஷம் வருகிறார்கள்? தச்சர் எந்த நினைப்போடும் சண்டை போடவில்லை. உட்கார்ந்தார், காத்திருந்தார், ஒவ்வொன்றாகத் தானே கழன்றது.

இதே அத்தியாயத்தில் ஒரு சின்னக் குறிப்பும் உண்டு. ஓட்டாஞ்சல்லியைப் பந்தயம் வைத்தால் ஒருவன் நன்றாக விளையாடுவான். இடுப்புக் கச்சையின் கொக்கியைப் பந்தயம் வைத்தால் தயங்குவான். தங்கத்தை வைத்தால் தலை சுற்றிவிடும். திறமை மூன்று முறையும் ஒன்றுதான். எஸ்பிஎம் எழுதும் தம்பிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

காலும் செருப்பும்

இப்போது அந்தத் தங்கையின் கேள்விக்கு வருவோம். போதும் என்று இருந்தால் முன்னேற முடியுமா?

லாவோட்சு மனநிறைவுக்குப் பயன்படுத்தும் சொல் ஜி-ட்சூ. ஜி என்றால் அறிதல், ட்சூ என்றால் போதும். போதும் என்பதை அறிதல். சீனப்பள்ளியில் படித்த தம்பி தங்கைகள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கு இது உடனே தெரிந்திருக்கும். அந்த ட்சூ எழுத்துக்குக் கால், பாதம் என்றும் பொருள். ஒரே எழுத்துதான். சுவாங்ட்சு 19-ஆம் அத்தியாயத்தில், செருப்பு சரியாகப் பொருந்தினால் கால் இருப்பதே மறந்துவிடும் என்கிறார். அங்கேயும் அதே எழுத்துதான் வருகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த இடம். மனநிறைவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்வது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. செருப்பு கடிக்கவில்லை, அவ்வளவுதான். கடிக்காததால் காலைப் பற்றிய யோசனை இல்லை, ஆகவே எவ்வளவு தூரமும் நடக்கலாம்.

நடக்கலாம் என்பதுதான் முக்கியம். 33-ஆம் அத்தியாயத்தில், போதும் என்று அறிந்தவனே செல்வன் என்ற கருத்துக்கு அடுத்த வரியிலேயே விடாமுயற்சியைப் பற்றிப் பேசுகிறார் லாவோட்சு. அவருக்கு இரண்டும் முரண்பாடாகத் தெரியவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் நியமங்கள் ஐந்து: சௌசம், சந்தோஷம், தபஸ், ஸ்வாத்யாயம், ஈஸ்வர பிரணிதானம். சந்தோஷம் என்றால் அங்கே மனநிறைவு. அதற்குப் பக்கத்திலேயே தபஸ், அதாவது கடும் முயற்சி. இரண்டு நாட்டிலும் இவை அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. மனநிறைவு இருப்பவன் உழைக்க மாட்டான் என்பது நாமாகக் கட்டிக்கொண்ட கதை. பயத்தினாலும் பொறாமையினாலும் மட்டுமே உழைக்கப் பழகியவர்களுக்கு, அவை இல்லாமலும் உழைக்கலாம் என்பது நம்ப முடியாமல் இருக்கிறது.

தாவோ நூல்களில் அளவு பற்றிய சில உதாரணங்கள் மிகச் சின்ன உயிர்களை வைத்து வரும். அடர்ந்த காட்டில் கூடு கட்டும் குருவிக்கு ஒரு கிளைதான் வேண்டும். ஆற்றில் தண்ணீர் குடிக்கும் எலிக்கு வயிறு கொள்ளும் அளவுதான் வேண்டும். ஓர் அரசர் தன் நாட்டையே ஒருவருக்குத் தர வந்தபோது அவர் சொன்ன மறுப்பு இது. 44-ஆம் அத்தியாயத்தில் லாவோட்சு நேராகவே கேட்கிறார்: பேரா, உடம்பா, எது உனக்கு நெருக்கம்? உடம்பா, சொத்தா, எது பெரிது? "இப்ப வாங்கு, அப்புறம் கட்டு" என்று ஹேண்ட்போனில் பொத்தானை அழுத்துவதற்கு முன் கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. 200 வெள்ளிச் சப்பாத்து நாலு தவணையில் சின்னதாகத் தெரியும். அந்தத் தவணைக்காகக் கூடுதல் நேர வேலை பார்த்துத் தூக்கம் கெட்ட உடம்புக்கு அது சின்னதல்ல.

யாருக்குச் சொன்ன புத்தி?

ஆனாலும் தங்கையின் கேள்வியில் இன்னொரு முள் இருக்கிறது. "நம்மாளுங்க பின்னாடிதான் நிக்கிறோம்" என்றார் அல்லவா? இல்லாதவனிடம் போய்ப் போதும் என்று இரு என்று சொல்வது உபதேசமா, ஏமாற்றா?

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீடு, இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓட வேண்டும். கொடுத்தது போதும்னு இருங்க என்று அவரிடம் சொன்னவர்கள் எல்லாம் கொடுக்கிற இடத்தில் இருந்தவர்கள். பாட்டி அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்றார். அதனால்தான் என் அம்மா இடைநிலைப்பள்ளி வாசலைப் பார்த்தார். அதே பாட்டி தனக்கென்று மூன்று சேலைக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. நாலாவது வந்தால் யாருக்காவது கொடுத்துவிடுவார். பிள்ளைகளின் படிப்பில் போதும் என்று சொல்லாதவர், தன் சேலையில் சொன்னார். இதில் எது மனநிறைவு, எது போராட்டம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

லாவோட்சு யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று பாருங்கள். போதும் என்று அறியாததே பெரிய கேடு என்று 46-ஆம் அத்தியாயத்தில் சொல்லும்போது அவர் முன்னால் நிறுத்துவது போர்க்குதிரைகளை. உலகம் நல்வழியில் இருந்தால் குதிரைகள் வயலுக்கு உரம் தரும். இல்லாவிட்டால் ஊர் எல்லையிலேயே போருக்கு வளர்க்கப்படும். அப்படியானால் போதும் என்று தெரியாதவர் யார்? படையெடுக்கிற அரசன். 53-இல் அரண்மனை பளபளக்கிறது, வயலில் களை மண்டிக் கிடக்கிறது, களஞ்சியம் காலி. இப்படி வாழ்வது கொள்ளை என்கிறார். 75-இல் மக்கள் பசியோடு இருப்பதற்குக் காரணம் மேலே இருப்பவர்கள் வரியை அதிகம் தின்பதுதான் என்கிறார். 77-இல் வானத்தின் வழி மிகுதியிலிருந்து எடுத்துக் குறைவுக்குக் கொடுக்கிறது, மனிதர்களின் வழியோ தலைகீழ் என்கிறார். தட்டு நிறைய வைத்திருப்பவனிடம் பேசிய பேச்சு இது. காலித் தட்டோடு நிற்பவனை அமைதிப்படுத்த இதை எடுத்துப் பயன்படுத்தினால் லாவோட்சுவுக்குத் துரோகம்.

ஆகவே, தங்கச்சி, உரிமையைக் கேட்பதும் மேல்படிப்புக்கு விண்ணப்பிப்பதும் சம்பள உயர்வுக்குப் பேசுவதும் ஜி-ட்சூவுக்கு எதிரல்ல. கிடைத்த பிறகும் பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்து வயிறு எரிந்தால், அதுதான் எதிர்.

எல்லா மதமும் ஒண்ணுதான் என்று சொல்லி முடித்துவிட நான் விரும்பவில்லை. வித்தியாசம் இருக்கிறது. கீதையில் செயலின் பலனைக் கொண்டுபோய் வைக்க ஓர் இறைவன் இருக்கிறான். நம் மனநிறைவு அந்தச் சமர்ப்பணத்திலிருந்து வருகிறது. தாவோ யாரிடமும் எதையும் கேட்பதில்லை, யாரும் அதனிடம் எதையும் ஒப்படைப்பதும் இல்லை. முருகா என்று கூப்பிட ஒரு பெயர் இல்லாத மனநிறைவு எனக்குக் கொஞ்சம் குளிராகத்தான் தோன்றுகிறது. நான் பால்குடம் தூக்கி வளர்ந்தவன், அதனால் இருக்கலாம். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று வகுப்பில் பேசுவோம்.

அதற்கு முன் வீட்டில் செய்ய ஒரு வேலை. 48-ஆம் அத்தியாயத்தில், படிப்பில் தினமும் ஒன்று கூடும், தாவோவில் தினமும் ஒன்று குறையும் என்ற கருத்து வருகிறது. ஏழு நாளைக்குத் தினமும் ஒன்றைக் குறையுங்கள். பெரிதாக வேண்டாம், ஒரு செயலியின் அறிவிப்பு மணி, ஒரு தேவையில்லாத பதில், ஒரு தேஹ் தாரிக். பல்லைக் கடித்துக்கொண்டு விட வேண்டாம், எது சுலபமாகக் கழன்று வருகிறது என்று மட்டும் பாருங்கள். எது கழலவே மாட்டேன் என்கிறதோ அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தச்சர் சிங்கின் மூன்று நாளில் அது சேருமா, ஐந்து நாளிலா, ஏழு நாளிலா என்று பக்கத்தில் குறியுங்கள். தாளில் பெயர் போட வேண்டாம்.

33, 44, 46, 77 ஆகிய நான்கு அத்தியாயங்களையும், கீதை இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியையும் படித்துவிட்டு வாருங்கள். இரண்டு ஆமைகளில் உங்களுக்கு எது என்பதில் தொடங்குவோம்.